சித்திரக்கதையும் உற்பத்தி உறவுகளும்: கலைஞருக்கான இணையத்தளம் பற்றிய ஒரு நோக்கு

1

தமிழிலே சித்திரக்கதை வரைவோருக்கென ஓர் இணையத்தளம் அமைத்தல் வேண்டும் என்ற கருத்து அண்மைக் காலமாகப் பலராலும் எடுத்துரைக்கப்பட்டு வருகின்றது. அச்சகமும் விற்பனை முகவரும் இன்றி, கைத்தொலைபேசி ஒன்றின் துணையுடன், வாகரையில் ஒருவர் வரைந்ததை ரொறன்ரோவில் உள்ளவர் அன்றைக்கே வாசித்துவிடலாம் என்பது இக்கருத்தினரின் வாதம். தொழில்நுட்ப அளவில் இது முற்றிலும் உண்மை. ஆயினும் இவ்வாதம், கலைப்படைப்பு எவ்வாறு பரவும் என்ற வினாவுக்கு விடை கூறுகின்றதேயன்றி, அது பரவும் சாதனம் யாருக்குச் சொந்தம் என்ற வினாவை எழுப்புவதில்லை. பின்னைய வினாவே அடிப்படையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது முற்போக்கு விமர்சனம் சிறுகதையையும் நாவலையும் நாட்டுக்கூத்தையும் ஆராய்ந்த அளவுக்குச் சித்திரக்கதையை ஆராய்ந்ததில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அது சிறுவருக்குரியது, வணிக நோக்குடையது, அந்நிய வீரர்களைப் போற்றுவது என்று ஒதுக்கிவிட்டோம். 1971இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மத்தலாரும் டொனால்ட் டக் கதைகளில் உறைந்திருந்த ஏகாதிபத்தியக் கருத்துநிலையை வெளிக்கொணர்ந்தனர். அவர்களின் ஆய்வு பெருமதிப்புக்குரியது. எனினும் கதையின் கருத்துநிலையை மட்டும் விசாரிப்பது போதாது. கலைஞன் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றான் என்பதைக் கேட்குமுன், அவ்வுறவுகளுக்குள்ளே அவன் எந்த இடத்தில் நிற்கின்றான் என்பதைக் கேட்க வேண்டும் என்று 1934இல் வால்டர் பெஞ்சமின் வற்புறுத்தினார். சித்திரக்கதையைப் பொறுத்தவரை அக்கேள்வி தமிழிலே இன்னும் முறையாகக் கேட்கப்படவில்லை.

2

சித்திரக்கதையின் வரலாறு உரிமையிழப்பின் வரலாறாகவும் அமைந்துள்ளது. 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் ஆகிய இரு இளைஞர்கள் சூப்பர்மான் என்ற பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தனர். பின்னர் வறுமையில் வாடிய அவ்விருவருக்கும், நீண்ட போராட்டத்தின் பின், 1975இலேயே ஆண்டு உதவித்தொகையும் படைப்பாளர் என்ற பெயர்க்குறிப்பும் கிடைத்தன. இதனைத் தனிப்பட்ட இருவரின் ஏமாளித்தனமாகக் கொள்ளலாகாது. பத்திரிகைகளுக்குச் சித்திரத்தொடர்களை மொத்தமாக விநியோகித்த நிறுவனங்களே பாத்திரங்களின் உரிமையாளராகவும் இருந்தமை அமெரிக்கத் துறையின் பொது அமைப்பு. வாசகரிடம் செல்லும் வழி யாரிடம் இருந்ததோ, பாத்திரமும் அவரிடமே சென்று சேர்ந்தது.

இவ்வமைப்பின் தொலைவான விளைவு தமிழ்ச் சூழலில் உணரப்பட்டது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வீரர் இரும்புக்கை மாயாவி, பிரித்தானிய வார இதழொன்றுக்காக ஸ்பானிய ஓவியர் கேசுஸ் பிளாஸ்கோ வரைந்தவர். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. இவற்றினூடாகத் தமிழ்ச் சிறுவர் ஒரு தலைமுறை வாசிப்பில் ஊன்றியது என்பதை மறுக்க முடியாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இந்நூல்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. ஆனால் மாயாவியை அறிந்த எம்மில் எத்தனை பேர் பிளாஸ்கோவை அறிந்திருந்தோம்? வரைந்தவரின் பெயரைப் பக்கத்தில் இடாமை அக்காலப் பிரித்தானிய இதழ்களின் பொதுவழக்கு. ஸ்பானியனின் உழைப்பு இலண்டனில் பண்டமாகி, சிவகாசியில் தமிழுடுத்தி, மட்டக்களப்புக்கு வந்தபோது அது யாருடைய உழைப்பும் அற்ற ஒன்றாகத் தோன்றியது.

தமிழிலே சித்திரக்கதை ஓவியர் பெருந்தொகையாகத் தோன்றாமைக்குத் திறமைக்குறைவைக் காரணமாகக் கூறுவோர் உளர். இஃது ஏற்கத்தக்கதன்று. தன் சொந்தச் சந்தையிலேயே செலவை ஈட்டிவிட்ட சித்திரத்தொடரை, இரண்டாம் சந்தையொன்றுக்குச் சிறு தொகைக்கு விற்பது விநியோகிப்பவருக்கு இலாபமே. உள்ளூர் ஓவியனுக்கோ ஒவ்வொரு பக்கத்துக்குமுரிய முழுக்கூலியையும் கொடுத்தாக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலே பதிப்பாளர் எதைத் தெரிவர் என்பதைக் கூறத் தேவையில்லை. தமிழகத்தில் வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைந்த கதைகள் இவ்விதிக்கு அரிய விலக்குகள். அவையும் சஞ்சிகைகளைச் சார்ந்தே வாழ்ந்தன.

ஈழத்திலே இதற்கு மாறான ஓர் அனுபவம் உண்டு. தினகரன் பத்திரிகையில் சவாரித்தம்பர் என்ற பாத்திரத்தினால் புகழ்பெற்ற சுந்தர் என்னும் சி. சிவஞானசுந்தரம், 1960களிலே சிரித்திரன் என்ற சஞ்சிகையைத் தாமே தொடங்கினார். யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதன், அவனுடைய பேச்சு, அவனுடைய பாசாங்குகள் யாவும் அவருடைய கோடுகளில் இடம்பெற்றன. 1996இல் அவர் மறையும்வரை அவருடைய பெயரும் சிரித்திரனும் பிரிக்க முடியாதனவாக விளங்கின. இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், சுந்தர் தம் பாத்திரங்களை இழக்கவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலையோ, ஓவியனே ஆசிரியனாகவும் வெளியீட்டாளனாகவும் கடன்காரனாகவும் ஆகவேண்டியிருந்தமை. தமக்கென ஒரு தளத்தைத் தாமே சுமந்த கலைஞர் அவர். அவருக்குப் பின் அத்தளத்தைச் சுமக்க ஒரு கூட்டமைப்பு இருக்கவில்லை.

1970 தொடக்கம் 1977 வரையிலான ஐக்கிய முன்னணி ஆட்சியின்போது தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையும், உள்ளூர் வெளியீடுகள் அதனால் வளம் பெற்றமையும் இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கன. அக்காலத்திலேயே, 1972இல், சிங்களத்தில் கமிலஸ் பெரேராவின் கஜமன் தோன்றினான். சித்திரகதைப் பத்திரிகைகள் வாரந்தோறும் வெளிவந்தன. தொலைக்காட்சியின் வருகையோடு அப்பத்திரிகைகள் தளர்ந்தபோதிலும், கஜமன் 2023இல் கணினி அசைவூட்டத் திரைப்படமாகவும் வெளிவந்தான். அதே மொழியில் அயல்நாட்டிலிருந்து ஆயத்தமாக வந்திறங்கும் நூல்களோடு போட்டியிட வேண்டிய நிலை சிங்கள ஓவியருக்கு இருக்கவில்லை என்பது இவ்வேறுபாட்டை ஓரளவு விளக்கும். 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் தமிழ் ஓவியனுக்கிருந்த சிறு வேலியும் வீழ்ந்தது. இணையத்திலோ வேலி என்ற பேச்சுக்கே இடமில்லை.

3

இப்பின்னணியிலே இன்றைய இணையத்தளங்களை நோக்குதல் வேண்டும். தென்கொரியாவில் நேவர் நிறுவனம் 2004இல் தொடங்கிய வெப்டூன், விரலால் மேலிருந்து கீழாகத் தள்ளி வாசிக்கும் சித்திரக்கதை வடிவத்தை உலகமயமாக்கியது. 2024 யூனில் அது அமெரிக்கப் பங்குச்சந்தையில் நுழைந்தபோது தனக்கு மாதந்தோறும் சுமார் 17 கோடி வாசகரும், 2 கோடியே 40 இலட்சம் ஆக்குநரும் உள்ளதாகக் கூறியது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஏழு வாசகருக்கு ஓர் ஆக்குநர் என்றாகின்றது. ஒரு வாசகர் பல கதைகளை வாசிப்பார் என்பது உண்மைதான். ஆயினும் இந்த விகிதம் எதைச் சுட்டுகின்றது என்பது தெளிவு. ஊதியம் பெறும் சிலருக்குப் பின்னால், என்றாவது ஒருநாள் தாமும் தெரிவுசெய்யப்படலாம் என்ற நம்பிக்கையில் ஊதியமின்றி வரையும் பெருங்கூட்டம் ஒன்று உள்ளது. மார்க்ஸ் தொழிலாளரின் சேமப்படை என்று வருணித்ததன் ஓவிய வடிவம் இதுவாகும்.

மில்ரனைப் பற்றி மார்க்ஸ் கூறியது பலரும் அறிந்தது. பட்டுப்புழு பட்டை நூற்பதுபோலத் தன் இயல்பின் உந்துதலால் காவியத்தைப் படைத்த மில்ரனையும், வெளியீட்டாளரின் ஆணைப்படி நூல்களை உற்பத்தி செய்த லைப்சிக் எழுத்துத் தொழிலாளியையும் அவர் வேறுபடுத்தினார். முன்னையவன் மூலதனத்தைப் பெருக்கவில்லை, பின்னையவன் பெருக்கினான். இணையத்தளம் இவ்விருவரையும் ஒருவராக்கியுள்ளது. இன்று ஓவியன் பட்டுப்புழுவைப்போல உள்ளத்து உந்துதலால் வரைகின்றான். ஆனால் அவன் வரைந்த ஒவ்வொரு கட்டமும், அதைப் பார்க்க வந்தவரின் கவனமும், விளம்பரமாகவும் தரவாகவும் மாறித் தளத்தின் உரிமையாளருக்கு மூலதனமாகின்றன. ஆணை எதுவும் இல்லை. ஆதலின் சுரண்டலும் இல்லை என்ற மயக்கம் தோன்றுகின்றது.

தெரிவுசெய்யப்பட்ட சிலரின் நிலையும் எளிதன்று. வாரந்தோறும் வண்ணந்தீட்டிய பல பத்துக் கட்டங்களைக் கொடுத்தாக வேண்டும் என்பது கொரியத் துறையின் நியதி. 2022 யூலையில் ‘சோலோ லெவலிங்’ தொடரின் ஓவியர் சாங் சங்-ராக் முப்பதுகளிலேயே மூளை இரத்தக்கசிவினால் காலமானார். அவருக்கு முன்பே உடல்நலக்குறைவு இருந்தது. ஆயினும் அவரது மரணம் ஓவியரின் வேலைச்சுமை பற்றிய விவாதத்தைக் கொரியாவில் கிளப்பியது.

பிறிதொரு நிகழ்வும் கவனத்துக்குரியது. 2005 முதல் உலகெங்குமுள்ள பயில்நிலை ஓவியர் தம் கதைகளை இலவசமாக வெளியிட்டுவந்த ஸ்மாக் ஜீவ்ஸ் என்ற தளம் கைமாறி, 2020 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளின் படைப்புகளை அவற்றின் ஆக்குநர் அவசரமாகப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. வாசகர் இட்ட குறிப்புகளையும், வாசகர் என்ற உறவையும் அவ்வாறு பெயர்த்தெடுக்க இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தமை எம் நெஞ்சிலே ஆறாத வடுவாக உள்ளது. அது திட்டமிட்ட அழிவு. இதுவோ கணக்குப் புத்தகத்தின் தீர்ப்பு. இரண்டையும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆனால் ஒரு மக்களின் சித்திரங்கள் முழுவதும் ஒரே முதலாளியின் களஞ்சியத்தில் இருக்குமாயின், அவற்றை அழிக்கத் தீ தேவையில்லை; நட்டக்கணக்கு ஒன்றே போதும்.

இவ்வுறவு கிழக்கிலங்கைக் கரையோர மக்களுக்குப் புதியதன்று. பனிச்சங்கேணியிலும் அதன் அயலூர்களிலும் கடலையும் களப்பையும் நம்பி வாழும் மீனவனுக்கு, வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் தந்தவருக்கே மீனையும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கடல் பொதுவானது, மீனும் பொதுவானது, கரையிலே விலை கூறுபவர் மட்டும் ஒருவர். இணையமும் அத்தகைய கடலே. அங்கும் கரை உண்டு. தளம் என்று நாம் அழைப்பது அக்கரையைத்தான்.

4

அவ்வாறாயின் தளமே வேண்டாம் என்பதா? அல்ல. 1932இல் வானொலியைப் பற்றிச் சிந்தித்த பிரெக்ட் அதனை மூடிவிடுமாறு கூறவில்லை. ஒரு வழியாக வழங்கும் கருவியை, இருவழியாகப் பேசும் கருவியாக மாற்றுமாறே கோரினார். நாம் ஆராய வேண்டியது எத்தகைய தளம் என்பதையே.

இதற்கு நமது மரபிலே ஒரு சான்று உண்டு. மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களிலே கூத்து ஆடப்பட்ட இடம் வட்டக்களரி. அதனைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்ந்தனர். சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று அண்ணாவியாரின் வழிகாட்டலில் கூத்துப் படிப்படியாக வளர்ந்தது. அரங்கேற்றத்தின் பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆட, ஊரவர் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். களரி எந்தத் தனிமனிதனின் முதலீடும் அன்று. அதை அமைத்தவர், அதில் ஆடியவர், அதனைப் பார்த்தவர் யாவரும் ஒரே சமூகத்தவர். எனினும் இதனை இலட்சியமயப்படுத்தல் தவறாகும். சாதியும் அந்தஸ்தும் யார் எந்த வேடம் புனையலாம் என்பதை நிர்ணயித்தன. பெண்ணுக்குக் களரியில் இடமிருக்கவில்லை. கூட்டுடைமை தன்னளவிலே சமத்துவத்தைத் தந்துவிடாது என்பதற்கும் வட்டக்களரியே சான்று.

களரி பிறிதொன்றையும் கற்பிக்கின்றது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. விடிய விடிய ஆடப்பட்டது குறுகிய நேரத்துக்குச் சுருங்கியது. நாற்புறமும் நோக்கி ஆடியவர் ஒருபுறம் நோக்கி ஆடினர். அரங்கு மாறியபோது கலையின் வடிவமும் மாறிற்று. சித்திரக்கதையிலும் இதுவே நிகழ்கின்றது. அச்சுப் பக்கத்திலே பெரிய கட்டமும் சிறிய கட்டமும் ஒன்றையொன்று நோக்கி நின்று பொருள் தந்தன. கைத்தொலைபேசியிலோ கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வழிந்தோடுகின்றன. பக்கம் என்ற அலகே மறைகின்றது. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததை நோக்கி வாசகனைத் தள்ளும் ஆவலைத் தூண்டி முடிய வேண்டியிருக்கின்றது. இதனை ஓவியன் விரும்பித் தெரிந்தால் அது கலை. தளத்தின் கணக்கீடு அதனை மட்டுமே முன்னிறுத்துமாயின் அது கட்டளை.

நவீன காலத்திலும் மாற்று வழிக்கு முன்னுதாரணம் எம்மிடையே உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம், தன்னார்வலரின் உழைப்பினாலும் சமூகத்தின் நன்கொடையினாலும் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாக வாசிக்கும்படி பாதுகாத்து வருகின்றது. சிரித்திரன் இதழ்களை இன்று நாம் அங்கேதான் புரட்டுகின்றோம். சுந்தரின் தனிமனிதத் தளம் தாங்க முடியாததைக் கூட்டு முயற்சி தாங்கியுள்ளது. ஆனால் நூலகம் கடந்தகாலத்தைக் காக்கின்றது; வாழும் ஓவியனுக்குக் கூலி வழங்குவது அதன் பணியன்று. கூலியையும் காப்பையும் ஒருங்கிணைக்கும் அமைப்பே இனி வேண்டப்படுவது.

அவ்வமைப்பு ஓவியரின் கூட்டுறவுச் சங்கமாகவே இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அதன் அடிப்படை. படைப்பின் உரிமை ஓவியரிடமே இருக்கும். தளத்துக்கு வெளியிடும் அனுமதி மட்டுமே, அதுவும் மீளப்பெறத்தக்கதாக, வழங்கப்படும். வெளியேறுபவர் தம் சித்திரங்களையும், விரும்பித் தொடரும் சந்தாதாரரின் தொடர்பையும் தம்முடன் கொண்டுசெல்லலாம். உறுப்பினரின் கோடுகள், அவர்தம் ஒப்புதலின்றிச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளுக்குப் பயிற்சித் தீனியாக்கப்படா. வெளியானவற்றின் ஒரு படி பொதுக் காப்பகமொன்றிலே சேரும். வரவுசெலவு உறுப்பினர் யாவருக்கும் திறந்திருக்கும்.

மொழியும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆங்கிலத்துக்கென வரையப்பட்ட பேச்சுக்குமிழிக்குள் தமிழ் திணிக்கப்பட்டபோது வாக்கியங்கள் முடமாயின. பல நாட்டுச் சந்தையை நோக்கும் தளத்திலே ‘மறுகா’ என்ற மட்டக்களப்புச் சொல் பொதுத்தமிழாகத் திருத்தப்படும். தன் குமிழியைத் தானே வரையும் ஓவியனுக்கு அச்சொல்லை வைத்திருக்கும் உரிமை வேண்டும்.

இடர்கள் உள. முதலாவது பணம். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் கொழும்பில் நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் நிறுத்தப்பட்டமை அச்சின் நெருக்கடியைக் காட்டிற்று; ஆனால் இணையத்திலும் பணம் எளிதாக வருவதில்லை. இலங்கையிலிருந்து பேபால் வழியாகப் பணம் செலுத்தலாம், பெற முடியாது என்ற நிலை நீண்ட காலம் நிலவியது. ஆயினும் கணக்கு எட்டாததன்று. இரண்டாயிரம் வாசகர் மாதம் 200 ரூபா செலுத்துவராயின் நான்கு இலட்சம் ரூபா சேரும். நான்கிலொன்றைத் தளத்தின் செலவுக்கு ஒதுக்கினாலும் பத்து ஓவியருக்குத் தலா 30,000 ரூபா எஞ்சும். செல்வந்தராக அது போதாது. தொடர்ந்து வரைய அது ஒரு தொடக்கம். அயல்நாடுகளில் வாழும் தமிழரின் சந்தா இத்தொகையைப் பெருக்கக்கூடும். அதிலே ஓர் ஆபத்தும் உண்டு. பணம் வரும் திசையை நோக்கியே ரசனையும் திரும்பினால், பிரிந்துவந்த ஊரின் ஏக்கமும் வீரப்புகழ்ச்சியும் மட்டுமே வரையப்படும். இன்று ஊரில் வாழ்பவனின் கடன் வரையப்படாது.

இரண்டாவது, அரசு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் வெளியாவனவற்றை ஆணைக்குழுவொன்றின் அதிகாரத்துக்குள் கொணர நிறைவேற்றப்பட்டது. தனித்து நிற்கும் ஓவியனைவிடச் சங்கமாக நிற்பவர் இதனை எதிர்கொள்ளல் எளிது.

பெரிய தளங்களிலே வாசகர் ஆயத்தமாக உள்ளனரே, சிறு சங்கத்துக்கு அவர்களை யார் தருவர் என்று கேட்கலாம். நியாயமான வினா. பெரிய தளங்களை அறிவிப்புப் பலகையாகப் பயன்படுத்துவதை நாம் மறுக்கவில்லை. சந்தைக்குப் போய்வருவது வேறு. சந்தையிலேயே குடியிருப்பது வேறு.

5

இவ்வாய்வு ஏன் பனிச்சங்கேணியை முன்னிட்டு நிகழ்கின்றது என்பதைக் கூறி முடித்தல் பொருந்தும். வாகரைப் பிரதேசம் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் சிதைந்தது. இரண்டு ஆண்டுகள் கழியுமுன் போர் வந்தது. 2006 நவம்பரில், இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்த கதிரவெளிப் பாடசாலை எறிகணைக்கு இலக்காயிற்று. 2007இன் தொடக்கத்தில் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். தமிழ்பேசும் வேடர் சமூகத்தினரும் இப்பிரதேசத்தில் வாழ்கின்றனர். இவ்வளவும் நிகழ்ந்த மண்ணின் சித்திரக்கதை எது?

வன்னி மக்களின் துயரை ‘வன்னி’ என்னும் சித்திர நாவலாக 2019இல் வெளிக்கொணர்ந்தவர் பெஞ்சமின் டிக்ஸ் என்ற பிரித்தானியர். வரைந்தவர் லின்ட்சே பொலொக். 2008இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு வன்னியிலிருந்து வெளியேறியபோது தாமும் வெளியேற நேர்ந்த டிக்ஸின் மனச்சாட்சி அந்நூலில் பேசுகின்றது. நன்றியுடன் வாசிக்கத்தக்க நூல் அது. ஆயினும் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கில வாசகனை நோக்கிப் பேசுகின்றது. எம் துயரை எமக்கே சொல்லும் சித்திரம் அதுவன்று. அவ்வாறு இருக்கவேண்டுமென அதனிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

பனிச்சங்கேணியிலே களப்பின் கரையில் அமர்ந்து கைத்தொலைபேசியின் முகத்தில் விரலால் வரையும் ஓர் இளம்பெண்ணை எண்ணிக்கொள்வோம். அலை கொண்டுபோன வீட்டை அவள் வரைகின்றாள். இதுகாறும் இருந்த உற்பத்தி அமைப்பு அவளுக்கு இரண்டு வழிகளையே காட்டியது. ஒன்று, மாயாவியை வாசித்துவிட்டு வரைவதை விட்டுவிடுதல். மற்றது, சுந்தரைப்போல முழுப்பாரத்தையும் தனியே தூக்குதல். இன்று மூன்றாவதாக ஒன்று காட்டப்படுகின்றது: யாரோ ஒருவரின் தளத்திலே ஊதியமின்றி வரைந்து காத்திருத்தல். நான்காவது வழியை அவளுக்காக எவரும் அமைத்துத் தரமாட்டார். வரைவோரும் வாசிப்போரும் சேர்ந்து அமைக்க வேண்டிய களரி அது. அதற்கான மண்ணைச் சுமப்பதில் விமர்சகருக்கும் பங்குண்டு. இதுவரை நாம் அதைச் சுமக்கவில்லை.